வாணம் என்ற அம்பு

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களுக்கும், இடம் தந்த நூலகர் அவர்களுக்கும், சனிக்கிழமைச் சாயங்காலத்தை இதற்கென்று ஒதுக்கி வந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

தீபாவளி நெருங்குகிறது, பட்டாசைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்றார்கள். பட்டாசு வெடிக்கலாமா கூடாதா என்று பேச ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் பழக்கமான சரக்கு சொற்கள்தான். அதனால் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கூடவே இந்தத் துணிப்பையில் ஒரு பொருளும் இருக்கிறது. அதை அப்புறம் காட்டுகிறேன்.

எந்த ஊர்த் திருவிழா நோட்டீஸை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். கொடியேற்றம், பால்குடம், பூக்குழி, கரகாட்டம் எல்லாம் முடிந்தபின் கடைசியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘இரவு மாபெரும் வானவேடிக்கை நடைபெறும்.’ சில நோட்டீஸில் இரண்டு சுழி ன. சில நோட்டீஸில் மூன்று சுழி ண. ஒரே நோட்டீஸில் மேலே ஒன்றும் கீழே ஒன்றும் இருப்பதும் உண்டு. அச்சகத்தில் கேட்டால், ‘எழுதிக் கொடுத்ததை அடித்தோம்’ என்பார்கள். விழாக் குழுவில் கேட்டால், ‘போன வருஷ நோட்டீஸைப் பார்த்து எழுதினோம்’ என்பார்கள்.

இங்கே எத்தனை பேர் ‘வான’ என்று எழுதுவீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம். சரி, பாதிக்கு மேல். ஏன் அப்படி என்று கேட்டால் நல்ல காரணமும் சொல்வீர்கள். வெடி மேலே போகிறது, வானத்தில் பூவாய் விரிகிறது, வானத்தில் நடக்கும் வேடிக்கை வானவேடிக்கை. இலக்கணமாகப் பார்த்தால் இந்தப் புணர்ச்சியில் ஒரு குற்றமும் இல்லை. பொருளும் பொருந்துகிறது. இந்தப் பிழை இத்தனை காலம் தாக்குப்பிடிப்பதற்குக் காரணமே இதுதான். அர்த்தமில்லாத பிழையை யாராவது திருத்திவிடுவார்கள். அர்த்தமுள்ள பிழையை யார் தொடுவார்கள்?

ஆனால் வாணம் என்ற சொல் வானத்துக்குப் போகாத பொருள்களுக்கும் இருக்கிறதே, அதை என்ன செய்வது? எலிவாணம் என்று ஒன்று உண்டு. கொளுத்திப் போட்டால் எலி மாதிரி தரையிலேயே தாறுமாறாக ஓடும். சக்கரவாணம் நின்ற இடத்தில் சுற்றும். புஸ்வாணம் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவே நகராது. இவற்றுக்கும் வானத்துக்கும் என்ன தொடர்பு? எல்லாவற்றிலும் மூன்று சுழி ண தான். வாணக்காரர் என்றால் இந்தத் தொழில் செய்பவர். சில பழைய ஊர்களில் வாணக்காரத் தெரு என்று பெயரே இருக்கிறது. அங்கே குடியிருந்தவர்கள் வானத்தில் குடியிருந்தவர்கள் அல்லர்.

அப்படியானால் வாணம் என்பது என்ன? அம்பு. ராமபாணம் என்கிறோமே, அந்தப் பாணம்தான் வாணம். வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கே முதல் எழுத்தை ஒலித்து உச்சரிப்பார்கள், ‘பல்’ என்பதை நாம் சொல்கிற மாதிரி இல்லாமல், ‘பஸ்’ என்று சொல்லும்போது வருகிற அந்த ஒலி. அது தமிழுக்கு வரும்போது சில நேரம் ப ஆகும், சில நேரம் வ ஆகும். பைரவன் நம் பழைய எழுத்தில் வயிரவன் ஆனான். பாணாசுரன் வாணாசுரன் ஆனான். பாணர் என்ற அரச குலத்தார் தமிழ்க் கல்வெட்டுகளில் வாணர் ஆனார்கள், வாணகோவரையர் என்ற பட்டம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தமிழில் பாணர் என்றால் யாழ் வாசித்துப் பாடுகிறவர். அந்தப் பெயரை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாதே. அதனால் வ வந்தது வசதியாகவும் போயிற்று.

ஆக ஒரே சொல் இரண்டு வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது. புராணப் பிரசங்கத்தின் வழியாக வந்தது பாணம். தெருவழியாக வந்தது வாணம். ராமன் கையில் இருக்கும்வரை பாணம், நம் தெருமுனையில் பையன் கையில் வந்ததும் வாணம்.

அக்கம்பக்கத்து வீடுகளிலும் இதே கதைதான். தெலுங்கில் பட்டாசு வகைகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே பெயர் பாணாசஞ்சா. கன்னடத்தில் பாணபிருசு. மலையாளத்தில் ராக்கெட்டுக்கு வாணம் என்றே பெயர், எலிவாணமும் அங்கே உண்டு. தென்னாட்டு மொழிகள் நான்கும் அம்பு என்ற சொல்லைத்தான் இதற்குப் பிடித்திருக்கின்றன. வானம் என்று பொருள் கொண்டால் இந்த உறவு முழுவதும் அறுந்துபோகும். தெலுங்குக்காரருக்கு வானம் ஆகாசம், பாணம் அம்பு. அவருக்கு இந்தக் குழப்பம் வர வழியே இல்லை. நமக்குத்தான் வானமும் வாணமும் காதுக்கு அருகருகே வந்து உட்கார்ந்துவிட்டன.

ஏன் அம்பு? இதற்கு அகராதி வேண்டாம், கண் போதும். ஒரு ராக்கெட் பட்டாசைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீளமாக ஒரு குச்சி. அதன் தலைப்பில் மருந்து அடைத்த குழாய். தலைகனத்த ஓர் அம்பு அது. அந்தக் குச்சி பாட்டிலில் சொருகுவதற்காக வைத்தது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். குச்சி இல்லாவிட்டால் ராக்கெட் நேராகப் போகாது, எலிவாணம் மாதிரி அலையும். எடையைப் பின்னால் இழுத்துப் பிடித்து, திசை மாறாமல் வைத்துக்கொள்வது அந்தக் குச்சிதான். பழைய அம்பின் தண்டு இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தீ வைத்த அம்பாகத் தொடங்கி, தானே பறக்கும் அம்பாக மாறிய பொருள் இது. போர்க்களத்திலும் இதற்கு இதே பெயர்தான். முகலாயர் படையிலும் தக்காணப் படைகளிலும் ராக்கெட்டுக்கு ‘பான்’ என்று பெயர். அதுவும் இதே பாணம்தான். அந்தப் பாணம் மிகப் பெரிய அளவில் பேசப்பட்ட இடம் நமக்கு வெகு பக்கத்தில் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூர். ஆங்கிலேயர் எழுத்தில் பொல்லிலூர். பல்லவர்களும் சாளுக்கியர்களும் மோதிய ஊராகவும் அதற்குப் பெயர் உண்டு, அது ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முந்தைய கதை. நான் சொல்வது 1780 செப்டம்பர் 10. கர்னல் வில்லியம் பெய்லி தலைமையில் வந்த கம்பெனிப் படையை ஹைதர் அலியின் படையும் அவர் மகன் திப்புவின் படையும் சுற்றி வளைத்தன. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. அது வாணம் விழுந்துதான் வெடித்தது என்று எழுதியவர்கள் பலர். வண்டி வெடித்தபின் படை நிலைகுலைந்தது, பெய்லி பிடிபட்டார். அப்போதைக்கு இந்தியாவில் ஆங்கிலேயர் கண்ட படுமோசமான தோல்விகளில் அது ஒன்று. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கோடை அரண்மனையான தரியா தௌலத் பாக் சுவரில் இந்தப் போரைச் சுவரளவு ஓவியமாக இன்றும் பார்க்கலாம்.

மைசூர் வாணத்தில் ஒரு தனிச் சிறப்பு இருந்தது. மற்ற இடங்களில் மூங்கில் குழாயிலோ காகிதக் குழாயிலோ மருந்தை அடைத்தார்கள். மைசூரில் இரும்புக் குழாயில் அடைத்தார்கள். இரும்பு உள்ளே எழும் அழுத்தத்தைக் கூடுதலாகத் தாங்கும். அழுத்தம் கூடினால் வேகம் கூடும், தூரம் கூடும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய் விழும் வாணங்கள் அவர்களிடம் இருந்தன. அதில் மூங்கில் கழியைக் கட்டுவார்கள், சிலவற்றில் கத்தி அலகைக் கட்டுவார்கள். கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்து நகரா கோட்டையில் தூர்ந்துபோன ஒரு கிணற்றிலிருந்து 2018-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாணக் குழாய்களைத் தொல்லியல் துறையினர் வெளியே எடுத்தார்கள். துருப்பிடித்து, சேறு அப்பி, வரிசையாகக் கிடந்த படங்களைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள்.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார். அங்கே கிடைத்த வாணங்களை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். வில்லியம் காங்கிரீவ் என்பவர் அவற்றை ஆராய்ந்து தன் பெயரில் ராக்கெட்டுகள் செய்தார். 1807-இல் கோபன்ஹேகன் நகரத்தின்மேல் அவை பாய்ந்தன. 1814-இல் அமெரிக்காவின் பால்டிமோர் கோட்டையின்மேல் பாய்ந்தன. அமெரிக்கர்களின் தேசிய கீதத்தில் ராக்கெட்டின் சிவப்பு வெளிச்சம் என்று ஒரு வரி வருமே, அந்த ராக்கெட் இவைதான். அப்துல் கலாம் இளைஞராக அமெரிக்காவில் நாசாவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்துக்குப் பயிற்சிக்குப் போனபோது, வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியம் மாட்டியிருந்ததாம். ராக்கெட் பறக்கும் போர்க்களம். அருகில் போய்ப் பார்த்தால் ராக்கெட் விடுகிறவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை, திப்புவின் வீரர்கள். சொந்த நாட்டில் மறந்துபோனதை அங்கே சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்களே என்று அவர் வியந்து எழுதியிருக்கிறார்.

இப்படிச் சொல்வதால் வாணம் முதலில் ஆயுதமாக இருந்து பிறகு விளையாட்டாக மாறியது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் கூடவே வளர்ந்தன. விஜயநகரத்து மகாநவமி விழாவை 1443 வாக்கில் பார்த்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அங்கே நடந்த வாணவேடிக்கையைக் குறித்து வைத்திருக்கிறார். 1520 வாக்கில் வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ் இன்னும் விரிவாகச் சொல்கிறார். கோட்டை மாதிரி கட்டி வைத்து எரியவிட்டு, அதற்குள்ளிருந்து வாணங்களும் குண்டுகளும் பாய்ந்ததை அவர் பார்த்திருக்கிறார். பூனாவில் பண்டார்கர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த பி. கே. கோடே என்ற அறிஞர், இந்திய வாணவேடிக்கையின் வரலாற்றை 1953-இல் தனியாக எழுதி வெளியிட்டார். ஒரிசாவின் கஜபதி பிரதாபருத்ர தேவர் பெயரில் உள்ள ஒரு வடமொழி நூலில் வாண வகைகளுக்கான செய்முறைகள் இருப்பதை அவர் எடுத்துக் காட்டினார். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்து நூல் அது. அதிலுள்ள பெயர்களைக் கேளுங்கள்: கல்பவிருட்சபாணம், சாமரபாணம், சந்திரஜோதி, சம்பாபாணம், புஷ்பபாணம். எல்லாம் ராஜாவின் வேடிக்கைக்கு. இன்னொன்று சுசுந்தரி பாணம். சுசுந்தரி என்றால் மூஞ்சூறு. இந்தியில் இன்றும் தரையில் ஓடும் சிறு வாணத்துக்கு அதே பெயர்தான். நம் எலிவாணத்துக்கு ஒரு சொந்தக்காரன் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரிசாவில் இருந்திருக்கிறான்.

சரி, இப்போது பைக்குள் இருப்பதை எடுக்கலாம். நூலகர் முகம் மாறுகிறது. கவலைப்படாதீர்கள் அம்மா, தீப்பெட்டி கொண்டுவரவில்லை. புத்தகங்களுக்கு நடுவில் கொளுத்தும் அளவுக்கு எனக்கு இன்னும் புத்தி கெடவில்லை.

இது புஸ்வாணம். கையில் வாங்கி அப்படியே பின்வரிசைக்குக் கொடுங்கள். அட்டையில் செய்த கூம்பு. உச்சியில் வண்ணக் காகிதம் ஒட்டியிருக்கிறது. அதைக் கிழித்தால் உள்ளே சின்னத் திரி தெரியும். அடிப்பக்கம் கெட்டியாக அடைத்திருக்கிறது, விரலால் தட்டினால் சத்தம் கேட்கும். முன்பு சின்ன மண் குடுவைகளில் மருந்தை அடைத்துச் செய்வார்கள். பூச்சட்டி என்ற பெயர் அதனால் வந்தது. வடக்கே இதற்கு மாதுளம்பழத்தின் பெயர், அனார். உருண்டைக் குடுவையையும் அது சிதறும் சிவப்பு முத்துகளையும் பார்த்தால் பெயர் வைத்தவரைக் குறை சொல்ல முடியாது.

இதற்கு ஏன் வாணம் என்று பெயர்? அம்பு மாதிரியும் இல்லை, பறக்கவும் இல்லை. இங்கேதான் நம் முன்னோரின் கண்ணை நான் மெச்சுகிறேன். ராக்கெட்டின் உள்ளே என்ன நடக்கிறது? மருந்து எரிகிறது. வாயு உண்டாகிறது. அதற்கு வெளியே போக ஒரு குறுகிய வாய் வைத்திருக்கிறோம். வாய் கீழே பார்த்து இருக்கிறது. வாயு கீழே பீறிட, குழாய் மேலே கிளம்புகிறது. புஸ்வாணத்திலும் அதே மருந்து, அதே வாயு, அதே குறுகிய வாய். வாய் மேலே பார்த்து இருக்கிறது, அடி தரையில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே வாணம் போகவில்லை, நெருப்பு மட்டும் போகிறது. ராக்கெட்டைத் தலைகீழாக்கித் தரையில் நட்டுவைத்தால் அதுதான் புஸ்வாணம். எலிவாணம் படுத்துக்கிடக்கும் ராக்கெட். சக்கரவாணம் வளைத்துச் சுருட்டிய ராக்கெட். நான்கையும் ஒரே குடும்பத்தில் சேர்த்து வாணம் என்று பெயர் வைத்தவருக்கு நியூட்டனின் மூன்றாம் விதி தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கொளுத்தி, பார்த்து, சேர்த்திருக்கிறார்.

வெடி வேறு குடும்பம். கருமருந்து என்பது நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெடியுப்பு, பதினைந்து கரி, பத்து கந்தகம். இது பழைய கணக்கு. இந்த மருந்துக்கு வழி விட்டால் எரிந்தபடி பாயும். வழியே விடாமல் காகிதத்தையோ சணலையோ இறுக்கிச் சுற்றிவிட்டால், உறையைக் கிழித்துக்கொண்டு ஒரே நொடியில் வெளியே வரும். முன்னது வாணம், பின்னது வெடி. இப்போது ஓசை பெருகுவதற்கு அலுமினியத் தூள் கலந்த வேறு மருந்துகளைப் போடுகிறார்கள், ஆனால் கணக்கு அதேதான். வெடி என்பது தமிழின் சொந்தச் சொல். நிலம் வெடிக்கும், பருத்தி வெடிக்கும், குதிகால் வெடிக்கும். இறுக்கமாக இருந்தது பிளப்பதுதான் வெடிப்பு. அந்தப் பொருளை அப்படியே பட்டாசுக்குக் கொண்டுவந்தோம். வேட்டு என்பது சத்தத்தைச் சொல்லும்: அதிர்வேட்டு, நாட்டுவேட்டு. வெடியும் வேட்டும் காதுக்கு. வாணமும் மத்தாப்பும் கண்ணுக்கு.

மத்தாப்பு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அது பாரசீகச் சொல். மஹ்தாப் என்றால் நிலா வெளிச்சம். எரியும்போது நிலா மாதிரி வெளிச்சம் தருவதற்கு வைத்த பெயர் அது. கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு எட்டுப் போடும் குழந்தையின் கையில் இருப்பது பாரசீகத்து நிலா. தெருவில் மற்றதெல்லாம் காசைக் கரியாக்கும்போது இது மட்டும் கொஞ்சம் கவிதையாகத்தான் எரிகிறது.

புஸ்வாணத்துக்குத் திரும்புவோம். புஸ் என்பது என்ன? பெரும்பாலோர் சொல்வது, அது ஒலிக்குறிப்பு. பாம்பு புஸ்ஸென்று சீறுகிறது. சைக்கிள் ட்யூப் புஸ்ஸென்று இறங்குகிறது. காற்று குறுகிய வழியாக வரும் இடமெல்லாம் தமிழுக்குப் புஸ் தான். கொளுத்தியதும் அந்தச் சத்தம் வருவதால் புஸ்வாணம். இது ஒரு விளக்கம். இன்னொன்று, அது பூவிலிருந்து வந்தது என்பது. புஷ்பவாணம் என்பது பேச்சில் தேய்ந்து புஸ்வாணம் ஆனது. ஒரிசா நூலில் புஷ்பபாணம் இருந்ததை இப்போதுதான் பார்த்தோம். நம் அகராதியிலும் பூவாணம் என்று ஒரு வாண வகை இருக்கிறது. பூச்சட்டி என்ற பெயரும் இருக்கிறது. பூ பூவாகக் கொட்டும் பொருளுக்குப் பூவின் பெயர் வைப்பதில் என்ன ஆச்சரியம்?

என் கணிப்பைக் கேட்டால், பெயர் பூவிலிருந்து கிளம்பியிருக்கிறது, காது அதைப் புஸ் ஆக்கிவிட்டது. புஷ்பம் என்று முழுதாகச் சொல்லும் சிரமத்தை எந்தப் பிள்ளை படும், பக்கத்திலேயே வாணம் புஸ் புஸ் என்று தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டிருக்கும்போது? இன்னொரு வேடிக்கை பாருங்கள். புஷ்பபாணம் என்றால் நேர்ப்பொருள் பூ அம்பு. பூ அம்பு வைத்திருப்பவன் யார்? மன்மதன். கரும்பு வில்லோடு திரிந்தவனின் கணை, அட்டைக் கூம்புக்குள் வந்து உட்கார்ந்து, பெட்டி பத்து என்று கடையில் விற்கிறது.

பெயர் இப்படி அழகாக இருக்க, வழக்கில் இந்தச் சொல்லுக்கு நேர்ந்ததுதான் கொடுமை. ‘பேச்சுவார்த்தை புஸ்வாணமாகிவிட்டது.’ ‘போராட்டம் புஸ்வாணமானது.’ ‘அவர் கொடுத்த பில்டப் எல்லாம் கடைசியில் புஸ்வாணம்.’ ஆரவாரமாகத் தொடங்கி ஒன்றுமில்லாமல் போனதற்குப் புஸ்வாணம் என்று பெயர். செய்தித்தாள் தலைப்புகளில் அரசியல் செய்தியில் வரும் புஸ்வாணங்கள் கடையில் விற்பதைவிட அதிகம்.

இது எப்படி வந்தது? வெடி வெடிக்காமல் போவதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது. ஈரம் கோத்து நமுத்துப்போன வெடி. திரி எரிந்து, எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு நிற்க, டமார் என்பதற்குப் பதில் ‘புஸ்’ என்று ஒரு புகை மட்டும் வரும். சுற்றிய காகிதம் தளர்ந்திருந்தால் அப்படி ஆகும். வாயு கிழித்துக்கொண்டு வராமல் ஓட்டை வழியாகத் தப்பித்துவிடுகிறது. அந்த ‘புஸ்’ தோல்வியின் சத்தம்தான், மறுக்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்ட நாக்கு, புஸ் என்று தொடங்கும் பக்கத்துப் பொருளின் பெயரை எடுத்துத் தோல்விக்கு வைத்துவிட்டது. வெடிக்குப் புஸ் தோல்வி. வாணத்துக்குப் புஸ் வெற்றி. ஒரு புஸ்வாணம் டமார் என்று வெடித்தால்தான் அது கெட்டுப்போனது, வாய் அடைத்துக்கொண்டது, பக்கத்தில் குனிந்து நிற்கும் பிள்ளைக்கு ஆபத்து. வாணத்தை வெடியின் அளவுகோலால் அளந்து, நீ தோற்றாய் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதைச் சொன்னதும் என் நண்பர் ஒருவர் கேட்டார், ‘அதற்காக மரபுத்தொடரை மாற்றிவிடலாமா?’ மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். வழக்கு வழக்குதான். ஆனால் எந்தத் தோல்விக்கு இதைப் பயன்படுத்துகிறோம் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தொடங்காமலே போன காரியத்தை யாரும் புஸ்வாணம் என்பதில்லை. அதற்கு நமுத்துப்போனது என்போம். முதலில் பெரிதாகப் பொங்கி, எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைத்து, அப்புறம் அடங்கிப்போனதற்குத்தான் புஸ்வாணம். அந்த மட்டில் பொருளின் குணம் தொடரிலும் இருக்கிறது. சில நொடி பொங்கும், அடங்கும். முடிந்தபின் கறுத்த கூம்பு மிஞ்சும்.

மற்றத் தொடர்களையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். வேட்டு வைத்தல் என்றால் ஒருவர் காரியத்தை அடியோடு கெடுப்பது. இது பாறை உடைக்கிற வேட்டு, குழி தோண்டி மருந்து வைக்கிற வேட்டு. சரவெடி என்றால் நிறுத்தாமல் பேசுகிறவர், அடிக்கிறவர். ‘பட்டாசா இருக்கு’ என்றால் பிரமாதம். கிரிக்கெட் எழுதுகிறவர்கள் சிக்ஸர் மழைக்கு வாணவேடிக்கை என்கிறார்கள், அதிலும் பாதிப் பேர் வானவேடிக்கை என்றுதான் எழுதுகிறார்கள். பந்து வானத்துக்குப் போவதால் அங்கே சண்டை போட எனக்கு மனம் வருவதில்லை. இலங்கைத் தமிழர் சீனவெடி என்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிலேயே முடிந்து வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு தொடரிலும் ஒன்றைக் கவனித்தீர்களா? வெடியும் பட்டாசும் பாராட்டாகப் போயின. புஸ்வாணம் மட்டும் ஏமாற்றமாகப் போனது. சத்தம் போடுகிறவனுக்கு மாலை போடுவது நம் பழைய வழக்கம் போலிருக்கிறது.

சட்டம் இப்போது எதிர்த் திசையில் போகிறது. பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தள்ளி 125 டெசிபெல்லுக்கு மேல் போகக் கூடாது என்பது 1999-இலிருந்து விதி. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டது, பேரியம் உப்புகளுக்கும் தடை போட்டது. வெடிக்கும் நேரத்தையும் இரண்டு மணி நேரமாகச் சுருக்கியது. பேரியம் போனதில் பச்சை நிறம் கைவிட்டுப் போகிறது. ஸ்ட்ரான்ஷியம் சிவப்பைத் தரும், சோடியம் மஞ்சளைத் தரும், தாமிரம் நீலத்தைத் தரும், பச்சைக்குப் பேரியம்தான் கைகொடுத்தது. அதற்கு மாற்றுத் தேடுவது சிவகாசிக்குப் பெரிய தலைவலி. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்ததிலிருந்து வளர்ந்த ஊர் அது. அந்தத் தொழிலாளர் கைப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையில் பேசிவிட்டுப் போவது சரியல்ல. அதற்குத் தனிக் கூட்டம் வேண்டும்.

எனக்குக் கவலை சொல்லைப் பற்றி. கடை விலைப்பட்டியலை வாங்கிப் பாருங்கள். ஃப்ளவர் பாட், கிரவுண்ட் சக்கர், ராக்கெட், ட்விங்கிளிங் ஸ்டார். வாணம் என்ற சொல் பட்டியலில் எங்குமே இல்லை. ஆகாசவாணம் கொடுங்கள் என்று கேட்டால் கடைக்காரப் பையன் பெரியவரைக் கூப்பிடுவான். எலிவாணமும் சக்கரவாணமும் அகராதிக்குள் போய்ப் படுத்துவிட்டன. வாணம் இன்று உயிரோடு இருப்பது இரண்டே இடத்தில்: திருவிழா நோட்டீஸில் தப்பாக, செய்தித் தலைப்பில் தோல்வியாக.

பேச்சு முடிந்தபின் ஒரு கல்லூரி மாணவி கேட்டார்: ‘ராக்கெட்டுக்கு வாணம் என்றே சொல்லிவிடலாமே, ஐயா?’ நல்ல கேள்வி. ராக்கெட் என்ற சொல்லைவிட வாணம் பொருத்தமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ராக்கெட் என்பது இத்தாலிய மொழியிலிருந்து வந்தது, நூல் சுற்றும் சிறு கட்டையைக் குறிக்கும் சொல். குழாயின் உருவத்தைப் பார்த்து அவர்கள் நூல்கட்டை என்றார்கள். பாய்ச்சலைப் பார்த்து நாம் அம்பு என்றோம். ஆனாலும், ‘ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வாணம் விடப்பட்டது’ என்று நாளைக்குத் தலைப்புப் போட்டால் ஊரே சிரிக்கும். வாணத்தோடு வேடிக்கையும் ஒட்டிக்கொண்டுவிட்டது, இனிப் பிரிக்க முடியாது. ஆகவே விண்வெளிக்குப் போவதை ராக்கெட் என்றும் ஏவூர்தி என்றும் எழுதுகிறோம்.

படைக்கலமாகப் போவதற்கு வைத்த பெயரைப் பாருங்கள், ஏவுகணை. கணை என்றால் அம்பு. அந்தச் சொல்லைக் கட்டியவர்கள் புள்ளலூரையோ வாணத்தையோ நினைத்துக்கொண்டு கட்டினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பறந்துபோய்த் தாக்கும் ஒன்றுக்குப் பெயர் தேடியபோது தமிழுக்குக் கை போன இடம் மறுபடியும் அம்பறாத்தூணிதான். வடமொழி அம்பு பிள்ளைகளிடம் போய்விட்டதால், தமிழ் அம்பு ராணுவத்துக்குப் போயிருக்கிறது.